பூஜையில் இருந்த திருப்புளி

ஆயுத பூஜையன்று காலை காரைக் கழுவும்போதுதான் ரேடியேட்டர் ஓஸ் புடைத்திருந்தது வீரமலையின் கண்ணில் பட்டது. அமுக்கிப் பார்த்தான். ரப்பர் நமத்துப்போன அப்பளம் மாதிரி இருந்தது. புது ஓஸ் டிக்கியிலேயே கிடந்தது. ஆனால் திருப்புளியும் ஸ்பேனர்களும் அதற்குள் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு சாமி படத்தின் முன் உட்கார்ந்துவிட்டன. மறுநாள் காலை வரை அவற்றைத் தொடக்கூடாது. டாக்சி மட்டும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு ஊரெல்லாம் சுற்றலாமாம். இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் கார் ஓட்டியிருக்கமாட்டான்.

மத்தியானம் அவன் மனைவி செல்லக்கிளிக்கு உதிரம் கண்டது. எட்டாம் மாசம். முன்னால் இரண்டு தங்கவில்லை. இந்தப் பிள்ளைக்காக அவள் வேண்டாத சாமி இல்லை. துறையூர் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "உடனே திருச்சி புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று கையை விரித்துவிட்டாள்.

வீரமலை பூஜைப் பலகைக்கு ஓடித் திருப்புளியை எடுக்கக் கை நீட்டினான்.

"தொடாதீங்க!" படுத்திருந்த செல்லக்கிளி கத்தினாள். "ரெண்டு போனது போதாதா? உங்களைக் கும்பிடறேங்க."

கையை இழுத்துக்கொண்டான். பயம் அவனுக்கும்தான் இருந்தது. பழியை மட்டும் அவள் தலையில் போட்டுவிட்டான். பழைய சைக்கிள் டியூபைப் பல்லால் கிழித்து ஓஸைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். பக்கத்து வீட்டு மயிலம்மாள் பின்சீட்டில் ஏறி, செல்லக்கிளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கட்டு கொள்ளிடம் பாலம் வரை தாங்கியது. பாலத்தின் நடுவில் ஓஸ் வெடித்து, கண்ணாடியை மறைத்துக்கொண்டு ஆவி எழும்பியது. லாரி ஒன்றும் வரவில்லை. எல்லாம் மாலை போட்டுக்கொண்டு ஷெட்டில் நின்றன. வந்த ஒரே பஸ்ஸும் அவன் கை காட்டியும் நிற்காமல் போயிற்று. முக்கால் மணி நேரம் அவன் பாலத்தில் பைத்தியக்காரன் போல் இங்கும் அங்கும் ஓடினான்.

அப்புறம் ஒரு சைக்கிள் வந்தது. டோல்கேட் மெக்கானிக் அப்துல் சலாம், ஹேண்டில்பாரில் கருவிப் பையோடு. ஒரு பார்வையிலேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வீரமலையைத் தகர டப்பாவோடு ஆற்றுக்கு விரட்டிவிட்டு, கிளிப்பைக் கழற்றிப் புது ஓஸை மாட்டினார். தண்ணீர் வந்து சேருமுன் வேலை முடிந்துவிட்டது.

"ஏங்க, கையில ஒரு திருப்புளி இல்லாமயா டாக்சி ஓட்டுறீங்க?"

வீரமலை தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரை ஊற்றினான். பின்சீட்டில் செல்லக்கிளி கண்ணைத் திறந்தாள்.

"பூஜையில இருந்ததை எடுத்துட்டீங்களா?"

"இல்ல, கிளி. இவரோடது."

"நல்லவேளை" என்று சொல்லி, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

திருவரங்கத்தைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறும்போது மயிலம்மாள் முந்தானையால் செல்லக்கிளியின் முகத்தை மூடிவிட்டு அவன் தோளைத் தொட்டாள். "இனிமே மெதுவாப் போ, தம்பி" என்றாள்.

என்ஜின் ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் ஓடிக்கொண்டிருந்தது.