இடது முன்சக்கரம்

பட்டறைக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் கார் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. ஓட்டியவர் மெக்கானிக். காரின் சொந்தக்காரி முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நடுவே குப்புறப் படுத்து, மிதியடியை ஒதுக்கிவிட்டுத் தகரத்தில் காதை வைத்திருந்தாள். நாற்பத்து மூன்று வயதுப் பெண் செய்கிற காரியமில்லைதான். ஆனால் அவள் மருத்துவமனையில் காது பரிசோதிக்கிறவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களிடம் "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்று பதினெட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி, எந்தச் சத்தத்தையும் சும்மா விட அவளுக்கு மனசு வராமல் போய்விட்டது.

"போதும், நிறுத்துங்க," என்று எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டாள். "ரெண்டு சத்தம் இருக்கு. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிக்கும்போது 'டிக்'குனு ஒண்ணு. கல்லு மேல ஏறி இறங்கும்போது 'டொக்'குனு இன்னொண்ணு. ரெண்டும் ஒரே எடத்துலேர்ந்து வரல."

மெக்கானிக்குக்கு அரைவார்த்தை என்று பட்டப்பெயர். எதையும் பாதிதான் சொல்வார். மீதியைக் கேட்பவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டும். "காது..." என்று அவர் தலையை ஆட்டியதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைத் தூக்கினார். அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிவிட்டு, அவள் விரல்களைப் பிடித்து உள்ளே ஓர் இணைப்பின் மேல் வைத்தார். நெம்பும்போதெல்லாம் அது விரலடியில் ஆடும் பல்லைப் போல அசைந்தது.

"பால்ஜாயிண்ட். சக்கரத்தைப் புடிச்சிருக்கறதே இதுதான். ஓடறப்ப கழண்டுச்சுன்னா..."

மீதியை ஊகிக்க அவளுக்கு விருப்பமில்லை. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டின் முனைகளும் தேய்ந்திருந்தன. ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, அதன் மேல் புழுதி அடையாக அப்பியிருந்தது.

அவள் வந்தது ஷாக் அப்சார்பருக்காக மட்டும்தான். தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவன். நான்கு மாதத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்தான். முதுகில் தகடு வைத்து முடுக்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் வீட்டில்தான் இருக்கிறான். வரும் வியாழக்கிழமை அறுவை செய்த டாக்டரிடம் காட்ட வேண்டும். மூன்று மணி நேரப் பயணம். பேருந்தில் உட்கார முடியாது. காரிலோ ஒவ்வொரு பள்ளமும் நேராக அவன் முதுகுக்குப் போகிறது. போன தடவை ஒரு பள்ளத்தில் இறங்கியபோது முகம் வெளுத்துப் போய், "ரோடு போட்டவன் ஒண்ணும் நம்ம சொந்தக்காரன் இல்லக்கா, தாராளமா திட்டு," என்று சிரித்தான்.

"கம்பெனி சாமானே போட்டா?" என்று கேட்டாள்.

"பத்தொம்பது வருஷ வண்டி. சாமான் விலையில வண்டியே..." என்று பட்டியலை ஓர் அட்டைத் துண்டில் எழுதிக் கொடுத்தார். "வெளிக்கம்பெனி சாமான்லயும் நல்லது இருக்கு. சாமான் கடை முதலாளியம்மாவ கேளுங்க."

உதிரிபாகக் கடையில் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அட்டைத் துண்டைப் படித்த முதலாளியம்மா, மூன்று பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டு, மூன்றிலிருந்தும் பால்ஜாயிண்டை வெளியே எடுத்து, பெட்டிகளை மேசைக்கடியில் தள்ளிவிட்டார்.

"பெட்டிதான் பளபளப்பா பேசும். நீங்க சாமானைப் பாருங்க."

எதைப் பார்ப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டாள். முதலாளியம்மா சொன்னார்: மேலே இருக்கிற ரப்பர் உறை தடிமனாக, விரிசலில்லாமல் இருக்க வேண்டும். அது கிழிந்தால் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும், அப்புறம் கதை முடிந்தது. வெளியே நீட்டியிருக்கிற தண்டைத் திருப்பினால் இறுக்கமாகத் திரும்ப வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கம். கொழகொழவென்று ஆடினால் வேண்டாம்.

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். முதலாவது லேசாக ஆடியது, தள்ளி வைத்தாள். மற்ற இரண்டும் கைக்கு ஒன்றுபோலவே இருந்தன. பழக்கதோஷத்தில் ஒன்றைக் காதருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள். அமைதி. அடுத்ததைத் திருப்பினாள்.

"இதுக்குள்ள மண்ணு இருக்கு."

"அதுதாம்மா இருக்கறதுலயே விலை கூடினது," என்றார் முதலாளியம்மா.

"இருக்கலாம். ஆனா நறநறங்குது."

முதலாளியம்மா வாங்கித் தன் காதில் வைத்துத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. கடையில் நின்ற லாரி ஓட்டுநரிடம் கொடுத்தார். அவருக்கும் கேட்கவில்லை. கடைசியில் ரப்பர் உறையைத் திருப்புளியால் நெம்பி உள்ளே விரலை விட்டார். விரலில் வந்த கிரீஸில் மணல் மாதிரி இரும்புத்தூள் மினுங்கியது. விரலைத் துணியில் துடைத்தார். பிறகு அதே கம்பெனியின் இன்னும் ஆறு உருப்படிகளை எடுத்து மேசையில் அடுக்கி, "இதையும் கொஞ்சம் கேளுங்க," என்றார். வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்க, அவள் ஆறையும் கேட்டாள். இன்னொன்றும் நறநறத்தது.

நடுத்தர விலையில் பால்ஜாயிண்டுகளும் ஸ்டியரிங் முனைகளும் தேறின. ஆனால் அவற்றை வாங்கிய பிறகு நல்ல ஷாக் அப்சார்பருக்குக் கையில் காசு போதவில்லை.

"ஸ்டியரிங்ல மிச்சம் புடிக்காதீங்க," என்றார் முதலாளியம்மா. "அது உயிர். ஷாக் அப்சார்பர் மட்டமா போட்டா உடம்புதான் கொஞ்சம் குலுங்கும். உடம்பு தாங்கும்."

தாங்காத உடம்பு ஒன்று வீட்டில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமலே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

தம்பி கட்டிலில் மல்லாந்திருந்தான். நடந்ததையெல்லாம் சொன்னாள். மணல் கதையில் அவன் உற்சாகமாகிவிட்டான்.

"சக்கரம் கழண்டு ஓடினா என் முதுகு மட்டும் பத்திரமா இருக்குமா? நீ வாங்கினது சரிதான். ஆமா, மட்டமான ஷாக் அப்சார்பர்னா என்ன? கடினமா இருக்குமா, கொழகொழன்னு இருக்குமா?"

"அது கேக்கலடா."

"அதைத்தானே முதல்ல கேக்கணும்? நாளைக்கு நானும் வரேன்."

நான்கு மாதத்தில் ஆஸ்பத்திரிக்குத் தவிர அவன் வாசலைத் தாண்டியதில்லை. கார் பட்டறையில் நின்றதால் அவள் ஆட்டோ சொன்னாள்.

முதலாளியம்மா அவனுக்குச் சாய்மானமுள்ள நாற்காலி போட்டார். இடுப்புப் பட்டையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கியது போலிருந்தது. நேற்றுச் சொன்னதை நினைத்தோ என்னவோ, கேட்காமலேயே நான்கு வகைகளைக் கொண்டுவந்து வைத்தார்.

"அக்கா, நீ அமுக்கு," என்றான் தம்பி. அவள் தண்டின் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அவன் தன் கையை அவள் கைமேல் வைத்துக்கொண்டான்.

விலை கூடிய வகை அழுத்தியவுடன் தானாகவே மேலே எழும்பியது.

"இது மூஞ்சியில எகிறுதே!"

"உள்ள காஸ் இருக்கு. வேகமா ஓட்டறவங்களுக்கு அதுதான் நல்லது. ஆனா விறைப்பு."

விலை குறைந்த வகையில் வெறும் எண்ணெய் மட்டும்தான். அழுத்தினால் மெல்ல இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது. தம்பியின் கண்கள் சுருங்கின. "இன்னொரு தடவை," என்றான். அடுத்த கம்பெனியின் அதே வகையை எடுத்தாள். "இதுல நடுவுல ஒரு பொள்ளல் இருக்கு. டைல்ஸுக்கு அடியில சிமெண்டு போகாத மாதிரி."

"புதுசுல காத்து நின்னிருக்கும். நிமித்தி வச்சு நாலஞ்சு தடவை அமுக்குங்க, போயிடும்."

அமுக்கினார்கள். முதல் கம்பெனி உருப்படியில் அழுத்தம் சீராக இருந்தது. இரண்டாவதில் பத்துத் தடவைக்குப் பிறகும் பொள்ளல் போகவில்லை.

"இதுதான்," என்று தம்பி முதலாவதைத் தொட்டான். "மெத்துனு இருக்கு, விலையும் கம்மி."

"உழைப்பும் கம்மி," என்றார் முதலாளியம்மா. "ரெண்டு வருஷம் வந்தா பெரிசு."

"ரெண்டு வருஷத்துல நான் ஓடவே ஆரம்பிச்சிடுவேன்." பட்டியலில் இல்லாவிட்டாலும், ஷாக் அப்சார்பரின் தலையில் உட்காரும் ரப்பரையும் சேர்த்து வாங்கச் சொன்னான். பழைய ரப்பரில் புதுச் சாமானைப் பூட்டுவது மேடுபள்ளத் தரையில் டைல்ஸ் ஒட்டுவது மாதிரியாம்.

புதன்கிழமை காலை அரைவார்த்தை எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். அவள் கேட்டுக்கொண்டதால் பழைய பால்ஜாயிண்டை ரம்பத்தால் இரண்டாக அறுத்தும் காட்டினார். உள்ளே கிரீஸ் என்று ஒன்றுமில்லை. செம்புழுதிதான் கொட்டியது. இரும்புக் குண்டைத் தாங்கும் கிண்ணம் ஒரு பக்கம் காகித அளவுக்குத் தேய்ந்திருந்தது. "இத்தனை நாள்..." என்றார். இந்த முறை மீதி வார்த்தை அவருக்கே இல்லை.

சக்கரங்களை நேர்படுத்தும் கடையில் திரையிலிருந்த எண்கள் சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்தன. வீட்டுக்குத் திரும்பும் வழியில் கார் சத்தமே இல்லாமல் போனது. பட்டறைக்குக் கூடவே வந்திருந்த தம்பி பக்கத்து இருக்கையில் சாய்ந்திருந்தான். வேகத்தடை ஒன்று வந்தது, ஏறி இறங்கினாள். ஒரு திருப்பத்தில், "நிறுத்துக்கா," என்றான்.

இடது பக்கம் ஒரு கிளைச்சாலை பிரிந்தது. தார் போடுவதற்காகக் கொத்தி, ஜல்லி பரப்பி, அப்படியே விட்டிருந்தார்கள்.

"இதுல போகலாம்."

"எதுக்குடா? நல்ல ரோடு இருக்கும்போது..."

"நல்ல ரோட்டுல எந்தக் கார்தான் நல்லாயில்ல? நாளைக்கு மூணு மணி நேரம் போகணும். இன்னிக்கே தெரிஞ்சுக்கலாம்."

அவள் கியரைத் தொடாமல் அவனைப் பார்த்தாள். "வலிச்சா சொல்லுவியா?"

"சொல்றேன்."

"சிரிச்சுக்கிட்டு இல்ல. நெஜமா."

அவன் சிரிக்கப் போனான். பாதியிலேயே விட்டுவிட்டுக் கண்ணாடி வழியே வெளியே பார்த்தான்.

"சொல்றேன்க்கா."

அவள் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தாள். தார் முடிகிற விளிம்பில் கார் ஒரு கணம் தயங்கி, மூக்கைத் தாழ்த்தி, குளத்தில் கால் வைக்கும் எருமையைப் போல நிதானமாக ஜல்லியில் இறங்கத் தொடங்கியது. முன்னால், கற்குவியலின் உச்சியில் இரண்டு மைனாக்கள் பறப்பதா வேண்டாமா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தன.