வெல்லக் கொட்டகையின் கதவு

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. கேட்டு வாங்கப்பட்டது. பழனியில் ஐந்தாம் வகுப்பு வாசகப் புத்தகம் தொகுக்கும் இராமலிங்கம் போன ஐப்பசியில் ஒரு கார்டு போட்டார். கட்டட வேலை நடக்கிற இடத்தில் பிள்ளைகள் விளையாடினால் என்ன ஆபத்து என்று ஒரு பாடம் வேண்டுமாம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. சொல்பேச்சுக் கேட்காத ஒரு பையனுக்குக் கால் போக வேண்டும். கடைசி வரியில் நீதி வர வேண்டும். ஓரத்தில் பொடி எழுத்தில், "சாக வேண்டாம், கால் போதும்" என்றும் எழுதியிருந்தார். நல்ல மனுஷன்.

ஒரு கால்தானே, அரை நாள் வேலை என்று ஒப்புக்கொண்டேன். இப்போது 1938 தை பிறந்துவிட்டது. அந்தக் கால் இன்னும் என்னிடம் பத்திரமாகத்தான் இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "ஓர் ஊரில் குமாரவேல் என்றொரு குறும்புக்காரப் பையன் இருந்தான். ஒருநாள் அவன் தாயின் சொல்லைத் தட்டிவிட்டு, கட்டடம் கட்டும் இடத்துக்கு விளையாடப் போனா—"

எங்கிருந்து போனான்? போவதற்கு முதலில் வேறொரு இடத்தில் இருக்க வேண்டுமே. பேனாவை வைத்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "கோடைக்கானலில் ஏரிக்கு மேலே, ஒரு துரைக்குப் பங்களா எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே நாலு பிள்ளைகள் இருந்தார்கள்."

இது நிற்கிறது. இந்த நாலும் எங்கிருந்தும் வந்தவை அல்ல. சித்தாள் பெண்களின் பிள்ளைகள். அம்மாக்கள் சுண்ணாம்புக் காரை சுமக்கிறார்கள். குடும்பம் குடிசை போட்டு அங்கேயே கிடக்கிறது. இராமலிங்கத்தின் பிள்ளைகளுக்குத்தான் அது கட்டட வேலை நடக்கிற இடம், இவர்களுக்கு அது வாசல். வாசலில் விளையாடாதே என்று பாடம் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே குமாரவேலை அவன் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன. அவனுக்குப் பதிலாக ஏழு வயதுச் சண்முகசுந்தரி வருகிறாள்.*

(* பெண் பிள்ளைகள் இப்படிக் குறும்பு செய்வதில்லையே என்று இராமலிங்கம் பின்னால் கேட்டார். அவருக்குப் பெண் பிள்ளை கிடையாது.)

3

சிவபாக்கியம் அவளுடைய அம்மா. பக்கத்துப் பள்ளங்கி ஊர்க்காரி, மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். மாடு சுற்றும் செக்கில் சுண்ணாம்பும் மணலும் அரைபடும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் அதில் சேரும். அப்படி அரைத்த காரை இறுகினால் கல்லோடு கல்லாகிவிடும். அந்தக் காரையை அள்ளிக் கூடையில் சுமப்பது அவள் வேலை. நாலு வருஷமாகச் சுமந்ததில் விரல் நுனிகளைச் சுண்ணாம்பு தின்றுவிட்டது. சோறு பிசையும்போது எரியும்.

செக்குக்குக் கிழக்கே குழி. ஆள் நீளம், அதில் பாதி அகலம், இடுப்பளவு ஆழம். சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கொட்டித் தண்ணீர் விட்டால் அது கொதித்து நீறும். நாலைந்து நாள் அப்படியே விட்டால் மேலே வெள்ளையாக ஓர் ஆடை படியும். அடியில் இருப்பது ஆறியிருக்கும், ஆனாலும் தோலைத் தின்னும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதற்கு வேலி கிடையாது, மூடியும் கிடையாது.

குழிக்கு எதிரே வெல்லக் கொட்டகை. பிச்சை முகம்மது கடையிலிருந்து வரும் வெல்லம் அதற்குள் அடுக்கியிருக்கும். பிள்ளைகள் கிள்ளித் தின்றுவிடக் கூடாது என்று அதற்குத் தேக்கில் ஒற்றைக் கதவு, திண்டுக்கல் பூட்டு.

(இதை எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோதுதான் எனக்கே கோபம் வந்தது. அதுவரை பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.)

4

காண்டிராக்டர் வேலப்பனைக் கெட்டவராக எழுத மாட்டேன். அப்படி எழுதினால் வாசிக்கிற எல்லாரும் 'நான் அப்படி இல்லையப்பா' என்று தப்பித்துக்கொள்வார்கள். பழனிக்காரர், வருஷம் தவறாமல் காவடி எடுப்பவர், ஊரிலிருந்து வரும்போதெல்லாம் இந்த நாலு பிள்ளைகளுக்கும் பஞ்சாமிர்தம் கொண்டுவருபவர். சித்திரையில் துரை குடும்பம் குடிவர வேண்டுமே என்று பாதி உறக்கம் போனவர்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் அவரே பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். குழிக்குள்ளே ஒரு பூதம் படுத்திருக்கிறது, கிட்டே போனால் காலைப் பிடித்து இழுத்துவிடும் என்றார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். வேலப்பனுக்கு நிம்மதி.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் கிணற்றுக்குள் பூதம் வைத்த ஆள் நான்தான்.

அன்றிலிருந்து பிள்ளைகளுக்குக் குழியை விட்டால் வேறு நினைப்பில்லை. பூதம் எந்தப் பக்கம் தலை வைத்திருக்கும், எப்போது மூச்சு விடும் என்று எட்ட நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

5

தை மாதம் வந்தது, உறைபனியும் வந்தது. வெள்ளனே எழுந்தால் ஏரிக்கரைப் புல்லெல்லாம் வெள்ளை. மலைப் பிள்ளைகள் வேறு என்ன செய்யும், வெறுங்காலோடு ஓடிப் பனியை மிதிக்கும். காலடியில் நொறுங்குகிற அந்தச் சத்தத்துக்காகவே மிதிக்கும். பழனியில் பிறந்த வேலப்பனுக்கு இது தெரியாது.

செக்கடியில் கூடையைத் தலைக்கு ஏற்றிய சிவபாக்கியம் திரும்பிப் பார்த்தாள். எங்கு பார்த்தாலும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவே மகள் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் காலுக்குக் கீழே இருந்த வெள்ளை மட்டும் பனி இல்லை.

இராமலிங்கம் கேட்ட கால் இதுதான்.

(அ) ஆடை உடைந்தது. முழங்கால் வரை உள்ளே போனது. பிள்ளை பிழைத்தாள், நடை பிழைக்கவில்லை. நீதி: பெரியோர் சொல் கேள்.

இதை முழுசாக எழுதினேன். அச்சுக்குப் போகிற அளவுக்கு நன்றாகவே வந்திருந்தது. மறுநாள் படித்துப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். அவள் பெரியோர் சொல்லைக் கேட்கவில்லையா? கேட்டாள். கேட்டதால்தான் அந்த இடத்தில் நின்றாள்.

(ஆ) கால் கீழே வருமுன் சிவபாக்கியம் கூடையை எறிந்துவிட்டு ஓடிவந்து, சடையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

இதுதான் நடந்தது. நான் சொல்வதால் நடந்தது. அந்தக் காலை நான் தர மாட்டேன். யாரும் கேட்டு எனக்கு இன்னொரு கார்டு போட வேண்டாம்.

இழுத்துப் போட்டவள் முதலில் மகளை முதுகில் நாலு சாத்துச் சாத்தினாள். அப்புறம்தான் எதுக்குடி அங்க போன என்று கேட்டாள்.

"பூதம் பனிக்கு அடியில தூங்குதும்மா. எழுப்பிப் பாக்கலாம்னு போனேன்."



6

சிவபாக்கியம் அந்த நாலு பிள்ளைகளையும் கூப்பிட்டாள். வாய் உடைந்த பானை ஒன்றில் பாதிக்குச் சுட்ட கல்லைப் போட்டாள். தண்ணீர் விட்டாள். பிள்ளைகளை இரண்டு எட்டுத் தள்ளி நிறுத்தினாள். அடுப்பில்லாமல் நெருப்பில்லாமல் பானை கொதித்தது. அதில் ஓர் உருளைக்கிழங்கை இட்டு, நேரம் விட்டு, குச்சியால் தள்ளி எடுத்துப் பிளந்து காட்டினாள். உள்வரை வெந்திருந்தது. பிறகு தன் விரல்களை விரித்து ஒவ்வொரு பிள்ளையின் முகத்துக்கு நேராகவும் காட்டினாள்.

"பூதமுமில்ல ஒண்ணுமில்ல. இது சுண்ணாம்பு. தெனமும் கொஞ்சங் கொஞ்சமா என்னைத் தின்னது இதுதான். ஒங்க காலு உள்ள போனா ஒரே நாள்ல தின்னுரும்."

சின்னவன் ஒருவன் அவளுடைய விரல் நுனியைத் தொட்டுப் பார்த்தான். 

இராமலிங்கம் ஐயா, நீங்கள் கேட்ட பாடம் இவ்வளவுதான். வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ஆனால் சிவபாக்கியம் இதோடு நிற்கவில்லை, அதனால் நானும் நிற்க முடியாது.

பிள்ளைக்குச் சொல்லியாயிற்று, ஆனால் பிள்ளை பிள்ளைதானே. பந்து உருண்டால் ஓடும். அவள் வேலப்பனிடம் போய்க் குழியை மூட நாலு பலகை கேட்டாள். பலகையெல்லாம் சாரம் கட்டப் போய்விட்டது என்றார். வெள்ளையாக இருந்தால் அதை மிதிக்கவா செய்வார்கள் என்று உண்மையாகவே வியந்தார். பிள்ளைகளை அடக்கி வை என்றார். சாரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. பலகை இல்லைதான். சிவபாக்கியம் சுற்றிலும் பார்த்தாள். அவள் கண் வெல்லக் கொட்டகையில் நின்றது.

அது குடுமிக் கதவு, கீல் கிடையாது, மேலும் கீழும் மர முளைகளில் சுழல்வது. பூட்டு பூட்டியபடியே இருக்க, நாதாங்கியைக் கடப்பாரையால் நெம்பிவிட்டு, அவளும் இன்னும் இரண்டு சித்தாள்களும் சேர்ந்து கதவைக் குடுமியோடு தூக்கினார்கள். கொண்டுவந்து குழிமேல் போட்டார்கள். நாலு மூலையிலும் கல் வைத்தார்கள். குழிக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.†

(† கதையில் எல்லாம் இப்படித்தான் பொருந்தும் என்று சொல்வீர்கள். சரி, அரைச் சாண் குறைந்தது. அந்த இடத்தில் சிவபாக்கியம் தன் கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.)

7

வேலப்பன் வந்து பார்த்தார். கதவில்லாத கொட்டகையில் வெல்லம் திறந்து கிடந்தது. நாலு பிள்ளைகளும் அதைக் கிள்ளாமல் குழிக்கு அந்தப்புறம் நின்றுகொண்டிருந்தார்கள். செக்கு ஓடவில்லை. சித்தாள்கள் அத்தனை பேரும் கூடையை இறக்கிவிட்டார்கள்.

யாரைக் கேட்டுக் கதவைக் கழற்றினாய் என்று சிவபாக்கியத்திடம் கேட்டார். யாரையும் கேட்கவில்லை என்றாள். இன்றோடு உனக்கு இங்கே சோலி இல்லை என்றார். அவளுக்கு அது தெரியும். புருஷன் இல்லாதவள், நாளைக்கு அடுப்பு எரிய இந்த வேலையை விட்டால் வேறில்லை. குரல் மட்டும் அசையவில்லை.

"சோலி போனாப் போகட்டுங்க மொதலாளி. கதவு வேணும்னா எடுத்துக்கிடுங்க. நான் தூக்கித் தர மாட்டேன், இவுகளும் தர மாட்டாக. நீங்களே குனிஞ்சு தூக்குங்க. இந்தப் பிள்ளைக பாத்துக்கிட்டு நிக்கட்டும்."

வேலப்பன் குனிந்தார். கதவின் விளிம்பில் கை வைத்தார்.

8

இங்கே நிறுத்துகிறேன்.

இதுவரை படித்துப் பார்த்த இராமலிங்கம் மூன்று முடிவு எழுதி அனுப்பியிருக்கிறார். ஒன்றில் வேலப்பன் மனம் திருந்துகிறார். ஒன்றில் சிவபாக்கியம் மன்னிப்புக் கேட்கிறாள். மூன்றாவதில் துரை வந்து நியாயம் சொல்கிறார். அதைப் படித்து நான் சிரித்தேன். புத்தகத்துக்கு உதவி செய்கிறவர்களில் கட்டடக்காரர்களும் உண்டு, பார்த்து எழுதுங்கள் என்றும் ஒரு வரி. பார்த்துத்தான் எழுதினேன். இதைப் போட்டால் என் மற்றப் பாடங்களும் போய்விடலாம். போகட்டும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே, நீங்கள் போய் விளையாடுங்கள், உங்களுக்கான பாடம் ஆறாம் பகுதியிலேயே முடிந்துவிட்டது. குழியை வெட்டுகிறவர்களும் பூட்டுச் சாவியை மடியில் வைத்திருப்பவர்களும் மட்டும் இருங்கள்.

வேலப்பனின் கை கதவின்மேல் இருக்கிறது. அவர் அதைத் தூக்க வேண்டுமா, விட வேண்டுமா என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தூக்குவதாக எழுதினால் அதற்கடுத்த வரியையும் நீங்கள்தான் எழுத வேண்டும். அந்த வரியில் ஒரு பிள்ளையின் கால் வேண்டியிருக்கும். சண்முகசுந்தரியைத் தர மாட்டேன். உங்கள் பிள்ளையின் பெயரைப் போட்டு எழுதுங்கள்.