டாங் வீட்டு மருமகள்

ஹோய் ஆன் நகரத்து டாங் வீட்டின் முன்வாசல் வழியாக மியென் வெளியே போனால், அதே நொடியில் பின்வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருப்பாள். பின்வாசல் வழியாகப் போனால் முன்வாசலில் வருவாள். அந்த வீட்டுக்கு முன்பக்கம் கடைத்தெரு, பின்பக்கம் ஆற்றங்கரைச் சாலை. டாங் குடும்பத்தார் பட்டும் லவங்கப்பட்டையும் விற்ற காலத்தில் சரக்கு படகிலிருந்து பின்பக்கமாக இறங்கி, முன்பக்கமாக விலைபோகும். மியெனும் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தாள், விலைபோகாமல்.

இது தொடங்கியது பழைய கட்டிடங்களைக் காக்கும் அரசு அலுவலகத்து ஆட்கள் வந்து பலகை அடித்த காலையில். பழமையான வணிகர் வீடு, இனி அரசு பாதுகாக்கும், உள்ளே இருக்கும் எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. ஆணி இறங்கிய நேரத்தில் அவள் கணவன் தொவான் மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தான். மியென் முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். வித்தியாசம் அவ்வளவுதான். முதலில் தலைசுற்றல் என்று நினைத்து இஞ்சிக் கஷாயம் வைத்துக் குடித்தாள். பிறகு தொவான் அவளை முதுகில் சுமந்துகொண்டு வாசலைத் தாண்டிப் பார்த்தான். தெருவில் அவன் மட்டும் குனிந்தபடி நின்றான். "என்னங்க, நான் இங்க இருக்கேன்" என்று பின்கட்டிலிருந்து குரல் வந்தது. மழைக்காலத்தில் ஆறு பெருகிக் கீழ்த்தளம் முழுகியபோது மாடி ஜன்னலுக்கே படகைக் கொண்டுவந்தார்கள். படகில் கால் வைத்தவள் மறுபக்க ஜன்னல் வழியாக இடுப்புவரை நனைந்து உள்ளே இறங்கினாள். அதற்குமேல் யாரும் முயற்சி செய்யவில்லை. அந்த வருடம் அரிசி விலையும் ஏறியிருந்தது, ஊருக்கு வேறு கவலைகள் இருந்தன.

பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். பலாமரத் தூண்களைத் தடவினார்கள், முத்துச்சிப்பி பதித்த பலகைகளைப் படம் எடுத்தார்கள், சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மியெனையும் எடுத்தார்கள். தொவான் சில வருடங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு டா நாங் நகரத்தில் ஒரு ஓட்டலில் வேலைக்குப் போனான். முதலில் மாதா மாதம் வந்தான், பிறகு புத்தாண்டுக்கு மட்டும். பிறகு ஒரு புத்தாண்டுக்கு மற்ற பார்வையாளர்களைப் போல நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்தான். வாசலில் சீட்டுக் கொடுத்த பெண் புதியவள், அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவனும் சொல்லவில்லை.

மியெனின் அம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம், கம் நாம் தீவில் சோளம் போட்டுக்கொண்டிருந்தாள். மாடிப் பின்ஜன்னலில் நின்றால் அந்தக் கொல்லை தெரியும். சாயங்காலம் அம்மா தலைக்குல்லாயைக் கழற்றி ஆட்டுவாள், மியென் இங்கிருந்து துடைப்பத்தை ஆட்டுவாள். ஒரு மழைக்காலத்தில் குல்லாய் ஆடவில்லை. அம்மாவை வாதம் அடித்துவிட்டது, பாயைவிட்டு அசைக்க முடியாது என்று தங்கை லாய் படகேறி வந்து சொன்னாள்.

அலுவலக மேலாளர் ஹாவ் நல்ல மனுஷன். மேலிடத்தில் கேட்டுவிட்டு மியெனின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"வழி ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்க. பழைய தூணை எடுக்கணும்னா அதே மரத்துல, அதே வயசுல இன்னொண்ணை அந்த இடத்துல நிறுத்தணும். உங்க விஷயத்துலயும் அந்த விதிதானாம்."

"அதே மரம்தானே இங்க நிக்குது" என்றாள் லாய். அவள் மியெனுக்கு ஒரு வயதுதான் இளையவள். "நான் இருக்கேன்க்கா. நீ போய் அம்மாவப் பாரு."

"போயிட்டு நான் திரும்பி வந்தா, நீ வெளிய போகலாமா? அதை அவர்கிட்ட கேளு" என்றாள் மியென்.

ஹாவ் தன் செருப்பைப் பார்த்தார். "நிறுத்தின தூணை இதுவரைக்கும் யாரும் திரும்ப எடுத்ததில்லம்மா."

"பரவால்ல. என் புருஷனுக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்" என்றாள் லாய். சிரிக்கத்தான் பார்த்தாள், வாய் கோணிக்கொண்டது.

"வாய மூடு. உன் பிள்ளைங்களுக்கு யாருடி சோறாக்குவா?" மியென் கீரையை மறுபடி ஆயத் தொடங்கினாள். "அம்மா கேட்டா, கதவு ரிப்பேரா இருக்கு, சரியானதும் வருவான்னு சொல்லு."

"அம்மாவுக்கு எல்லாம் தெரியும்க்கா."

"தெரிஞ்சா என்ன. நீ சொல்லு."

லாய் போய்ச் சொன்னாள். அம்மா பேச முடியாமல் வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். மழை ஓய்வதற்குள் இறந்துபோனாள்.

இடுகாடு ஆற்றுக்கு இந்தப் பக்கம் என்பதால் அம்மாவின் சவப்பெட்டி படகில் வந்தது. டாங் வீட்டின் வழியாகவே கொண்டுபோவோம், மியெனும் கொஞ்ச தூரம் கூட நடக்கட்டும் என்று லாய் கேட்டாள். உள்ளே வந்த பெட்டி வெளியே போகுமா என்று தூக்குகிறவர்கள் தயங்கினார்கள். ஹாவ் யோசித்தார், பிறகு இறந்தவளுக்கும் ஒரு சீட்டு கிழித்துப் பெட்டியின் மேல் வைத்தார். பார்வையாளராக வந்தால் பார்வையாளராகப் போகலாம்.

பின்வாசல் வழியாகப் பெட்டி உள்ளே வந்தது. மியென் தலையில் வெள்ளைத் துணி கட்டி, பெட்டியில் கை வைத்தபடி சமையலறையைக் கடந்தாள், முற்றத்தைக் கடந்தாள், கடைக்கூடத்தைக் கடந்தாள். முன்வாசலைப் பெட்டி தாண்டியது. அவளும் தாண்டினாள். ஊர்வலத்தின் கடைசி ஆளுக்குப் பின்னால், ஆற்றங்கரையிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தாள். வேகமாக நடந்து எல்லாரையும் தாண்டி மறுபடி முன்வாசலுக்கு வந்தாள், மறுபடி வெளியே போனாள். கடைசி ஆளும் தெருவில் இறங்கிய பிறகும் அவள் நடந்துகொண்டிருந்தாள், வெறும் வீட்டில், முன்னால் போகும் பறைச்சத்தத்தின் பின்னால். தெருமுனை திரும்பியதும் சத்தம் தேய்ந்தது. ஒன்றும் கேட்காமல் போனபிறகு நின்றாள். ஒரு வாளித் தண்ணீர் எடுத்துவந்து தரையில் கிடந்த சேற்றுக் கால்தடங்களைத் துடைத்தாள். அடுத்த கூட்டம் வாசலில் காத்திருந்தது.

மறு வருடம் அடுத்த வீட்டிலும் பலகை அடித்தார்கள். அங்கே கடிகாரம் பழுதுபார்க்கும் கிழவர் கீ தனியாக இருந்தார். அன்று காலை அவர் தேநீர் குடிக்கத் தெருவுக்குப் போனார். அவர் வீட்டின் பின்கட்டில் யாரோ எதிலோ தடுக்கி விழும் சத்தம் மியெனுக்குக் கேட்டது. மறுபடி போனார். மறுபடி அதே சத்தம். மியென் ஆற்றங்கரைப் பக்கமாகத் தலையை நீட்டினாள். கிழவர் தன் பின்வாசலில் முழங்காலைத் தேய்த்தபடி, தான் ஏன் அங்கே இருக்கிறோம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வரும்போது நிலைப்படி கொஞ்சம் உசரம் தாத்தா" என்றாள். "காலைத் தூக்கி வைங்க. போகப் போகப் பழகிடும்."

கிழவர் தலையாட்டினார். மூன்றாவது முறை அவர் தடுக்கி விழவில்லை.