ஒரு மீட்டர் இளஞ்சிவப்பு

புதன்கிழமை காலை எட்டேகாலுக்கு மயில்சாமியின் பெயர் இளஞ்சிவப்பாகிவிட்டது.

ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பதுபோல அவர்கள் வீட்டிலும் வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு திரை இருந்தது. வீட்டு ஆட்களின் பெயர்கள் அதில் தெரியும். உள்ளே இருந்தால் வெள்ளை. வெளியே போனால் பச்சை. காய்ச்சல் என்றால் மஞ்சள். பொய் சொன்னால் ஒரு நிமிடம் சிவப்பு. இதெல்லாம் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். இளஞ்சிவப்பு என்றால் என்னவென்று மட்டும் யாருக்கும் தெரியாது.

கோகிலவாணி சட்னிக் கிண்ணத்தோடு நின்று பார்த்தாள். அவள் பெயரும் மகள் சஷ்டிகாவின் பெயரும் வெள்ளையாகவே இருந்தன. கணவன் பெயர் மட்டும் உரித்துக் கழுவிய சின்ன வெங்காயம் மாதிரி மெல்லிய ரோஸ் நிறத்தில், கண்ணை உறுத்தாமல் இருந்தது. முதலில் திக்கென்றது. பார்க்கப் பார்க்க அது போய்விட்டது. போனதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மயில்சாமிக்கு அன்று மில்லில் வார விடுமுறை. உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சட்னியில் உப்பு ஒரு கல் குறைந்தால் தெருவையே கூட்டுகிற ஆள். அன்று அவள் உப்பே போட மறந்திருந்தாள். வழித்துத் தின்றுவிட்டு, "நல்லாருக்கு" என்றான்.

"ஏனுங்க, உங்க பேரு ரோஸ் கலராயிருச்சுங்க."

"அப்படியா."

"உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"ஒண்ணும் பண்ணல" என்றான். கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணுமே பண்ணல, கோகிலா."

அவன் எழுந்தபோது பிளாஸ்டிக் நாற்காலி சத்தம் போடவில்லை. தொண்ணூறு கிலோ ஆள்.

சஷ்டிகா பள்ளிக்கூடம் போனதும் பக்கத்து வீட்டு சுலோச்சனா அக்கா எட்டிப் பார்த்தாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல கலரு கண்ணு. நிச்சயதார்த்தத்துக்கு எடுக்கற கலரு. எங்க வீட்டுக்காரருக்கும் போன வருசம் வந்துச்சு."

"இப்ப அவரு எங்கீங்கக்கா?"

"அவரா" என்றாள் சுலோச்சனா அக்கா. அதற்குமேல் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. சந்தோஷமாகவே தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

கோகிலவாணி புடவையை மாற்றிக்கொண்டு, திரையை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

நிற விளக்க அலுவலகம் இரண்டு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. "ரெண்டு மாடிதானுங்க" என்றார் காவலாளி. "நீங்க மூணாவதுக்குப் போங்க." படிகள் மறுப்புச் சொல்லவில்லை.

கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரெல்லாம் அதே இளஞ்சிவப்பில் திரைகள். யாரும் பேசவில்லை. அரசாங்க அலுவலகத்தில் இத்தனை அமைதியை கோகிலவாணி பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. ஒரு ஆள் கையில் ஒரு சின்னச் சட்டையை வைத்துக்கொண்டு அது யாருடையது என்று புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு முகப்பு மேஜைக்குப் போனாள். அங்கே கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள்.

"இளஞ்சிவப்புக்கு என்னங்க அர்த்தம்?"

"அர்த்தம் இன்னும் வரலீங்க. பயன் மட்டும் வந்திருக்குது."

"என்ன பயனுங்க?"

அவள் கோப்பைத் திறந்து வாசித்தாள். "பார்ப்பவர் கத்த மாட்டார். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்க மாட்டார். கையில் பிடித்திருப்பதை விட்டுவிடுவார்." கோப்பை மூடினாள். "அவ்ளோதானுங்க."

"எங்க வீட்டுக்காரருக்கு என்னங்க ஆகும்?"

"இப்ப இருக்காருங்களா?"

"வீட்ல இருக்காருங்க."

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னுமா?"

"எனக்கு அந்தக் கலர் வேண்டாமுங்க. பழையபடி வெள்ளையாக்கிக் குடுங்க."

"தாராளமாங்க" என்று ஒரு படிவத்தை நீட்டினாள். "இதுல அந்தக் கலரோட மாதிரி ஒண்ணு வெக்கோணும். துணியா இருக்கோணும். பன்னெண்டு மணிக்குள்ள."

இது கோகிலவாணிக்குக் கைவந்த வேலை. சேலைக்கு ஜாக்கெட் துணி பார்ப்பதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. கல்யாணம் காட்சி என்றால் சொந்தக்காரப் பெண்கள் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். நேராகக் கடைவீதி மேட்சிங் சென்டருக்குப் போனாள். அன்வர் பாய் ஃபோனை வாங்கிப் பார்த்தார். பேபி பிங்க்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இல்லை. வெங்காயக் கலர், பஞ்சுமிட்டாய், தாமரை. எதுவும் இல்லை. பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து, காகிதம் சுற்றிய ஒரு கட்டைத் தூக்கி வைத்தார்.

"இது நாங்க கொள்முதல் பண்றதில்லம்மா. யாரோ கொண்டாந்து வெக்கறாங்க. யாரோ வந்து எடுத்துட்டுப் போறாங்க."

"யாருங்க பாய்?"

"அவங்க வர்றப்ப நான் இந்தத் துணியத்தான் பாத்துட்டு இருப்பேன். மூஞ்சி ஞாபகம் இருக்கறதில்ல."

ட்யூப்லைட்டை நம்பித் துணி எடுக்கக் கூடாது. நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் கடை வாசலுக்கு வந்து வெயிலில் பார்த்தாள். வெயிலில் அதில் இதம் எதுவும் இல்லை. சூடுபட்டு உரிந்த தோலின் நிறமாக இருந்தது. காலையில் போன பயம் மொத்தமாகத் திரும்பி வந்தது. கடைவீதி என்றும் பாராமல் அவள் அழுதாள். மயில்சாமி மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். அதை ஒரு நாளும் அவனிடம் சொன்னதில்லை. பதினாலு வருடமாக இருவரும் உப்பைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள்.

"எவ்வளவும்மா வெட்டட்டும்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒரு மீட்டர்" என்றாள். யோசித்துச் சொல்லவில்லை. ஒருமுறை எண்பது பாயிண்ட், அதாவது எண்பது சென்டிமீட்டர், எடுத்து ஜாக்கெட் கைக்குப் பத்தாமல் போனதிலிருந்து, அந்தக் கடையில் அவள் வாயில் வருகிற அளவு அது ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது அலுவலகம் நான்காவது மாடிக்குப் போயிருந்தது. பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருந்தது. கண்ணாடிப் பெண் துணியை விரித்துச் சாண் போட்டு அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"ஒரு மீட்டருங்களா?"

"ஆமாங்க."

"நல்லா யோசிச்சுத்தான் கொண்டாந்தீங்களா?"

"ஜாக்கெட் துணி அப்படித்தானுங்க எடுக்கறது."

"இங்க ஒரு பேருக்கு ஒரு சாண் போதுமுங்க. மாதிரி எவ்வளவு வருதோ அத்தனை பேரைச் சேத்துக்குவோம்." அவள் எழுதத் தொடங்கினாள். "உங்க வீட்ல மூணு பேரு. அது போகவும் மீதி இருக்குது. வீணாக்க மாட்டோமுங்க."

"வெள்ளையாக்கறேன்னு சொன்னீங்களே."

"ஆக்கிருவோமுங்க. தெரை பூராவும் வெள்ளையாயிரும். பேரே இருக்காது."

துணி மேஜை முழுக்க விரிந்திருந்தது. மேலே ட்யூப்லைட் எரிந்தது. கோகிலவாணி துணியைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். "ரொம்ப தேங்க்ஸுங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் வெயில் முகத்தில் அடித்தபோதுதான் தான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. சஷ்டிகாவுக்குப் பரீட்சை நேரம், மத்தியானமே வீட்டுக்கு வந்திருப்பாள். போனதும் பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட வேண்டும். தாராபுரத்தில் கூடப்பிறந்த அக்கா வீட்டில் இன்னும் திரை மாட்டவில்லை, அங்கே போய்விட வேண்டும். மயில்சாமி இருந்தால் அவனையும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். திரையை மட்டும் பார்க்கக் கூடாது. பார்க்காதே, பார்க்காதே என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தனக்கே சொல்லிக்கொண்டாள். டிக்கெட் கேட்ட கண்டக்டரிடமும் அதையே சொன்னாள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். மிதியடியில் காலைத் துடைத்தாள். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று திரையைப் பார்த்தாள்.

வேறு எதற்காகவும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் நுழைகிற எல்லோரும் அப்படித்தான் நுழைகிறார்கள்.

மேல் வரி காலியாக இருந்தது. அதற்குக் கீழே இரண்டு பெயர்கள், இளஞ்சிவப்பில். அழகாகத்தான் இருந்தன.

சஷ்டிகா அந்தத் திரைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ரெண்டு பேரு வந்தாங்க. அப்பாவக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"எங்க கூட்டிட்டுப் போனாங்க கண்ணு?"

"கேக்கலம்மா."

அது நியாயமாகவே கோகிலவாணிக்குப் பட்டது. எங்கோ அவசரமாகப் போக வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்தது ஞாபகம் இருந்தது. எந்த ஊருக்கு என்பது வரவில்லை. கையைக் கழுவினாள். மேஜையில் இருந்த தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

அழைப்பு மணி அடித்தது. இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான முகம். முகத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை.

"நீங்களும் பாப்பாவும் மட்டுந்தானுங்களே?"

"ஆமாங்க."

"கெளம்பலாமுங்களா?"

"ஒரு அஞ்சு நிமிசம் இருங்க. பிள்ளைக்குத் தலை வாரி உடறேன்."

அவர்கள் அவசரப்படுத்தவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

கோகிலவாணி மகளை முன்னால் உட்காரவைத்துச் சீப்பை எடுத்தாள். காலையில் பின்னியது அவிழ்ந்து முடி சிக்குப் பிடித்திருந்தது. சஷ்டிகா சீப்பைக் கண்டாலே வீட்டை ரெண்டாக்குகிற பிள்ளை. இன்று கழுத்தை நேராக வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

கோகிலவாணி சிக்கில் சீப்பை வைத்து வெடுக்கென்று இழுத்தாள். பிள்ளையின் தலை பின்னால் வந்தது. மறுபடி இழுத்தாள். வேண்டுமென்றேதான் இழுத்தாள். பிள்ளை ஒரு தடவை கத்தினால் போதும் என்று அவள் கைக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஏன் போதும் என்று அவளுக்குத் தெரியவில்லை. முடி கொத்தாக சீப்போடு வந்தது. இன்னொரு முறை, பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள்.

"இல்லம்மா" என்றாள் சஷ்டிகா, அவள் கேட்காமலேயே.

இரண்டு சடையையும் பின்னி முடித்தாள். வாசலில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து, பிள்ளையின் செருப்பை எடுத்து, போட்டுக்கொள்ள வசதியாகத் திருப்பி வைத்தார்.