மத்தியான வெயிலில் மருமகன்

என் மருமகன் நளீம் குடிக்கிறான் என்று பள்ளிவாசல் நிர்வாகத்திடம் சொன்னது நான்தான். கண்ணால் பார்த்தேன். உச்சி வெயிலில், மிளகு காயப்போட்ட முற்றத்தில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறான், நாக்கு குழறுகிறது. பொழுது சாய்ந்தால் ஒழுங்காக நடக்கிறான். போதை இறங்கினால் அப்படித்தானே. வாயை மோந்து பார்த்தேன், வாசம் இல்லை. வாசம் வராத சாமானும் இப்போது விற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மகள் றுஸ்னாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் விவாகப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பதென்று முடிவு.

புதன்கிழமை அவள் என்னிடம் கேளாமல் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே அவனுக்கு எடுத்திருந்த ஸ்கேன் படத்தை வாங்கி வந்தாள்.

"மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாம் வாப்பா. உடம்பே தன்னோட நரம்புக்கு மேல இருக்கிற உறைய அழிக்குதாம். மூளையிலயும் முள்ளந்தண்டுலயும். வெயில் பட்டா இன்னும் கூடுமாம்."

"படத்துல வெள்ளைப் புள்ளி. அது நம்ம சுவத்துலயும்தான் இருக்கு."

"சுவரு குடிக்குதா வாப்பா?"

வியாழன் மத்தியானம் நானே அவன் வீட்டுக்குப் போனேன். நளீம் மிளகு கிளறிக்கொண்டிருந்தான். "கிணத்தடிக்கு நட" என்றேன். இடது கால் இழுத்தது. பாதி வழியில் செருப்பு கழன்றது. அவன் வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் நின்றான். அந்தத் தரையில் என்னால் ஒரு நொடி நிற்க முடியாது.

"சுடல்லியா?"

"எது மாமா?"

கிணற்றடிக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். தலையில் பத்துப் பன்னிரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். நிழலில் உட்காரவைத்து, எதையும் குடிக்க விடாமல் எதிரே இருந்தேன். அரை மணித்தியாலத்தில் எழுந்து நேராக நடந்தான். பேச்சும் தெளிந்திருந்தது.

"இன்னும் சோதிக்கணுமா மாமா?"

"இது சுகமாகுமா?"

"இல்லயாம். கூடாம வச்சிருக்கத்தான் மருந்தாம்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, ஆட்கள் இருக்கும்போதே பள்ளிவாசல் செயலாளரிடம் சொன்னேன்.

"பிழை என்னோடது. அவன் குடிக்கல்ல."

"யாரு சொன்னது உங்களுக்கு?"

"கிணத்துத் தண்ணி."

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டேன்.

வாசலில் நளீம் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் போய் நின்றேன்.

"மாட்டிட்டேனா மாமா?"

குனிந்து பார்த்தேன். இடது கால் பாதிதான் போயிருந்தது. பிடித்து உள்ளே தள்ளினேன்.

"இப்ப மாட்டியாச்சு. நட. றுஸ்னா உன் வீட்டுக்குப் போயிட்டா."