வெர்னாவின் சட்டை

"வெர்னாவோட சட்டைய வெட்ட வேணாமாடா?"

"விடுண்ணே, பாவம். சக்கர நாற்காலில உக்காந்து சுடுறவ."

போன ஆண்டு வேட்டைக் குடிலின் வாசலில் வழிகாட்டி ஹாலிஸும் அவன் தம்பி டுவைட்டும் பேசியது இது. டுவைட்டின் மனைவி வெர்னா அதை மறக்கவில்லை. அலபாமாவின் அந்தக் குடிலில், மானைத் தவறவிட்டவரின் சட்டை நுனியைக் கேலியாக வெட்டிச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். போன ஆண்டு அவளும் தவறவிட்டாள்; அவளுடையதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இந்த ஆண்டு ஹாலிஸ், மானுக்குப் பதுங்கியிருக்கும் மறைவிடத்துக்குச் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போட்டு, துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்தியிருந்தான். வெர்னாவின் கைகள் அசையாது. வாயிலிருக்கும் குழாயை உறிஞ்சினால் குண்டு பாயும். தாடையால் தாங்கியைத் திருப்பிக் குறிபார்த்து உறிஞ்சினாள். மான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியே போனது.

குடிலுக்குத் திரும்பியதும் யாரும் கத்தியை எடுக்கவில்லை. "இன்னிக்குக் காத்து ஜாஸ்தி" என்றான் டுவைட்.

"காத்தாவது மண்ணாவது! மான் மூக்குக்கு நேரா நின்னுச்சு, நான்தான் கோட்டை விட்டேன்" என்று சிரித்தாள் வெர்னா. "டுவைட், போன வருஷமே கேக்கணும்னு இருந்தேன். அண்ணன்கிட்ட கத்திய வாங்கு. புதுச் சட்டைதான், பரவால்ல. வெட்டி, எல்லாரோடதுக்கும் நடுவுல மாட்டு."