கை உரு

எண்பதாம் வருஷம் ஆடி மாதம். மதுரையிலிருந்து வந்த பேராசிரியர் பிரம்மநாயகம் என் கிளினிக் மேஜையில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்தார். கண், காது, கை, கால், பாம்பு, தேள் என்று பித்தளை அச்சுகள் உருண்டன. கோவில் வாசலில் உருக் கடை வைத்திருக்கும் சங்கரசுப்புவின் வீட்டுப் பரணில் கிடந்த, அவர் தாத்தா காலத்துப் பெட்டியாம். அச்சின்மேல் வெள்ளித் தகட்டை வைத்து அடித்தால் உரு. உடம்பில் எங்கே நோவோ அந்த உருவை வாங்கி கோமதி அம்மன் உண்டியலில் போடுவது இங்கே வழக்கம்.

"எந்த அச்சு தேய்ந்திருக்கிறதோ அந்த நோய் அதிகம் இருந்திருக்கிறது" என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். பெண்ணின் மார்பு. வழவழவென்று தேய்ந்திருந்தது. "தாத்தா காலத்தில் இந்த நோய் மலிந்திருக்கிறது. இப்போது இந்த உரு ஒன்றுகூட விற்பதில்லை. நோய் ஒழிந்துவிட்டது! விற்பதெல்லாம் கை. விசைத்தறி வந்ததால் பெண்களுக்குக் கைவலி."

நோயைத் தானே ரயிலேற்றி அனுப்பிவிட்டது போல ஒரு பூரிப்பு. அவரோடு வந்து நின்ற சங்கரசுப்புவிடம், "நீங்க ஏன் இதை அடிக்கிறதில்ல?" என்று கேட்டேன்.

"அசிங்கமால்லா இருக்கும்? நாலு ஆம்பிளைய வந்துபோற கடை. எங்க தாத்தாவுக்கு வெவஸ்தை இல்ல. நான் கடைக்கு வந்த அன்னைக்கே தூக்கிப் பரண்ல போட்டுட்டேன்."

"அது வேறு விஷயம் டாக்டர்" என்றார் பேராசிரியர். வேறு விஷயமாம்! கடையில் இல்லாததை எவள் வாங்குவாள் என்று கேட்கத் தெரியாத தலைக்கு மூன்று பட்டம். பெட்டியை மறந்துவிட்டு இரண்டு பேரும் காபி குடிக்கப் போனார்கள்.

மறுநாள் அதை வாங்கிப் போக சங்கரசுப்புவின் மனைவி கோமதித்தாய் வந்தாள். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"கை வலிக்கு டாக்டரம்மா. மாத்திரை ஏதும் தாங்க."

தறிப் பக்கமே போகாதவள்.

"உரு போட்டீங்களா?"

"வெள்ளிக்கெழம தவறாம போடுதேன். நம்ம கடை கை உருதான்."

சொல்லக் கூசும் நோவுக்கு அந்தக் கடையில் வேறு என்ன கிடைக்கும்? பெட்டியைத் திரும்ப வாங்கி அச்சுகளை மேஜையில் பரப்பினேன். "வாயால சொல்ல வேண்டாம். எதுன்னு தொட்டுக் காட்டுங்க."

அவள் விரல் கையைத் தாண்டிப் போய், தேய்ந்துபோன அந்த அச்சின்மேல் நின்றது. பிறகு அழுதாள். கட்டி எலுமிச்சை அளவு இருந்தது. ஒரு வருஷமாயிற்றாம்.

கடைக்கே போய், அவளை உடனே பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன்.

"கைவலிக்கா?" என்றார் சங்கரசுப்பு.

குரலைத் தாழ்த்தித்தான் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் பதறியது பெண்டாட்டிக்காக அல்ல. "மெல்லம்மா, மெல்ல! ஆளு நிக்காங்க" என்று தெருவைப் பார்த்தான். எனக்கு அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அறுவை சிகிச்சை நடந்தது. பிழைப்பாள் என்று ஒரு டாக்டரும் உறுதி சொல்லவில்லை. சங்கரசுப்பு கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அச்சில் ஒரே ஒரு உரு அடித்து உண்டியலில் போட்டான். தன் வீட்டுக்கு என்றதும் அசிங்கம் போய்விட்டது. போட்டுவிட்டு வந்து அச்சைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, மறுபடியும் பரணில் ஏற்றினான்.

உருக்களைப் பற்றிய பேராசிரியரின் கட்டுரையும் வெளிவந்தது. கைவலிதான். எனக்கு நன்றி வேறு. அதைக் குப்பைக் கூடையில் போட்ட அன்று கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு பெண் வந்தாள், முந்தானையை மாரோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"கை வலிக்கு டாக்டரம்மா" என்றாள். "கோவில் வாசல்ல கை உரு வாங்கிப் போட்டுட்டுத்தான் வாரேன்."